நூறு வருஷத்துக்கு முன்ன கிராமத்துல வாழ்ந்து செத்த நம்ம ஆளுங்களை எங்க தேடுறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்ளுத் தாத்தா கொள்ளுப் பாட்டி காலத்தைத் தேட ஆரம்பிக்குறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்களை ஒரே எடத்துல சேத்திருக்கேன். தமிழ்நாட்டுக் கிராமங்கள், சுமாரா 1910ல இருந்து 1930 வரைக்கும். ஜமீன் வீடு, மிட்டாதார் வீட்டுக்காரங்களுக்கு இது தேவைப்படாது, அவங்களுக்கு எழுதி வைக்க ஆள் இருந்துச்சு. ஏர் ஓட்டினவங்க, நாத்து நட்டவங்க, ஆடு மேய்ச்சவங்க, பண்ணையில கெடந்தவங்க, இவங்க குடும்பத்துல வந்தவங்களுக்குத்தான் இது. ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், நேரா போய் பேரைத் தேடினீங்கன்னா பெரும்பாலும் வெறுங்கையோடதான் வருவீங்க. நிலம், கடன், வழக்கு, கப்பல், பாத்திரம்னு சுத்தி வளைச்சுத்தான் அவங்ககிட்ட போய்ச் சேர முடியும்.

ஒருத்தர் எப்ப செத்தாருன்னு அரசாங்கப் பதிவேடு இருக்குமா?

இருக்கலாம். 1886ல ஒரு சட்டம் வந்துச்சு, அது விருப்பப்பட்டவங்க பதிஞ்சுக்கலாம்ங்கிற மாதிரி. 1899ல மதராஸ் மாகாணத்துக்குன்னே தனியா பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் போட்டாங்க, ஆனா அதுவும் எல்லா கிராமத்துக்கும் ஒரே நாள்ல கட்டாயமா வந்துடல. இப்ப நடைமுறைல இருக்குறது 1969ல வந்த சட்டம்.

அந்தக் காலத்துல கிராமத்துல எழுதுனவர் கிராம முன்சீப், சில பக்கம் மணியக்காரர்ம்பாங்க. தலையாரியோ வெட்டியானோ வந்து இன்ன வீட்ல சாவுன்னு சொல்லணும், அவர் நோட்ல ஏத்தணும், கணக்கு தாலுக்காவுக்குப் போகணும். இந்த மூணு படியில எது சறுக்கினாலும் அந்த ஆள் பதிவுல இல்ல. சேரியில நடந்த சாவு முன்சீப் காதுக்குப் போச்சா, போயும் எழுதினாரா, அது அந்தந்த ஊரு நியாயம். பொறந்து ரெண்டு நாள்ல போன கொழந்தைங்க நிறைய பேரு பிறப்புலயும் இருக்க மாட்டாங்க இறப்புலயும் இருக்க மாட்டாங்க.

தேட வேண்டிய எடம்: கிராமம்னா சார் பதிவாளர் ஆபீஸ், தாலுக்கா ஆபீஸ். டவுன்னா நகராட்சி. 1980 நவம்பர்ல எம்ஜிஆர் ஆட்சியில பழைய முன்சீப், கர்ணம் பதவிங்களை ஒழிச்சுட்டு அப்பறம் விஏஓ கொண்டு வந்தாங்க இல்லையா, அந்த மாத்தத்துல சில நோட்டுங்க பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பரண்லயே தங்கிப் போனதும் உண்டு. அதனால ஆபீஸ்ல இல்லைன்னதும் விட்டுடாதீங்க, அந்தக் குடும்பத்துல இப்ப இருக்குறவங்ககிட்ட பக்குவமா ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. பதிவே இல்லைன்னா "இல்லை"ன்னு ஒரு சான்று எழுதி வாங்கிக்கோங்க, சொத்து வாரிசு விவகாரத்துக்கு அது பின்னாடி உதவும்.

பதிவேடு கெடச்சுது, ஆனா காரணம் வெறும் "காய்ச்சல்"னு போட்டிருக்கு. என்ன காய்ச்சல்?

தெரியாது, எழுதினவருக்கும் தெரிஞ்சிருக்காது. அப்பெல்லாம் சாவுக்குக் காரணம்னு கொஞ்சம் தலைப்புங்கதான்: காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், பேதி, மூச்சு சம்பந்தப்பட்டது, காயம், தற்கொலை, பாம்பு கடிச்சது மிருகம் அடிச்சது, அப்பறம் "இதர". டாக்டர் பாக்காத சாவு, தலையாரி வாயால சொன்ன காரணம். மலேரியா, டைபாய்டு, பிரசவத்துக்கு அப்பறம் வந்த ஜுரம், 1918 விஷக் காய்ச்சல், எல்லாமே இந்த ஒரே வார்த்தைக்குள்ள போய் விழுந்திருக்கு. அதனால காரணத்தை விட தேதிதான் முக்கியம். தேதியைப் பாத்துட்டு அதே பக்கத்துல முன்னும் பின்னும் எத்தனை பேருன்னு பாருங்க, ஒரே மாசத்துல ஒரே தெருவுல வரிசையா சாவு விழுந்திருந்தா அதுவே பாதி பதில்.

எங்க குடும்பத்துல "ஒரே வாரத்துல மூணு பேரு போய்ட்டாங்க"ன்னு ஒரு கதை இருக்கு. வருஷம் தெரியாது. என்னவா இருக்கும்?

மொதல்ல சந்தேகப்பட வேண்டியது 1918. புரட்டாசி, ஐப்பசி மாசம்னு சொன்னாங்கன்னா இன்னும் பலமா சந்தேகப்படலாம்.

அந்த வருஷம் நடுவுல பம்பாய் வழியா இன்புளுயன்சா உள்ள வந்துச்சு. முதல் அலை அவ்ளோ பெருசா கொல்லல, செப்டம்பருக்கு மேல வந்த ரெண்டாவது அலைதான் வாரிக்கிட்டு போச்சு. இந்தியா முழுக்க 1 கோடியே 20 லட்சத்துல இருந்து 1 கோடியே 80 லட்சம் பேர் வரைக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் கணக்கு போடுறாங்க, இவ்ளோ பெரிய வித்தியாசம் ஏன்னா மேல சொன்ன அதே பதிவேட்டு லட்சணம்தான். 1921 சென்சஸ் எடுத்தப்ப நாட்டோட மொத்த ஜனத்தொகை 1911ஐ விட கொறைஞ்சு போயிருந்துச்சு, இந்திய சென்சஸ் வரலாற்றுல இப்படி ஆன பத்து வருஷம் அது ஒண்ணுதான்.

அந்த நோயோட கொடுமை என்னன்னா கெழவன் கெழவியை விட்டுட்டு இருபதுல இருந்து நாப்பது வயசுக்காரங்களை அதிகம் எடுத்துக்கிச்சு, அதுலயும் இந்தியாவுல ஆம்பளைங்களை விட பொம்பளைங்க அதிகம் செத்தாங்க. அதே வருஷம் பருவமழை பொய்ச்சிருந்துச்சு, போர் நேரத்துனால விலை ஏறிக் கெடந்துச்சு, மதராஸ் மாகாணத்துல பல ஊர்ல தானியக் கடைங்களை ஜனங்க சூறையாடுற அளவுக்குப் போச்சு. கஞ்சிக்கே வழியில்லாத ஒடம்பு, வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல படுத்தா தண்ணி மொண்டு குடுக்க ஆள் கெடையாது. பல பேர் காய்ச்சல்ல செத்தாங்களா கவனிக்க ஆளில்லாம செத்தாங்களான்னே பிரிக்க முடியாது.

குடும்பக் கதையில இதோட தடம் எப்படி இருக்கும்னா, "தாத்தாவை அவரு பாட்டி வளத்தாங்க", "சித்தி கொடுமை தாங்காம ஓடிப்போனாரு", "பத்து வயசுல மாமன் வீட்டுக்கு வந்தவரு". அப்பா அம்மா ரெண்டு பேரும் சின்ன வயசுலயே இல்லாம போன ஒரு கொழந்தை 1918ஐ ஒட்டி உங்க வம்சத்துல இருந்தா, அது என்னன்னு கேட்டுத் தோண்டுங்க. வியாதி பேரே யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

வேற என்ன நோய்ங்க?

வாந்திபேதி, அதாவது காலரா. மழை விட்டதும் குளத்துத் தண்ணி வழியா, இல்லைன்னா திருவிழாக் கூட்டம் கலைஞ்சு ஊர் திரும்பினப்ப. காலையில நல்லா இருந்தவரு சாயங்காலம் இல்லைம்பாங்களே அது பெரும்பாலும் இதுதான். பெரியம்மைன்னா வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டியிருப்பாங்க, பொழச்சவங்களுக்கு மூஞ்சில தழும்பு, சில பேருக்கு கண்ணு போயிருக்கும். பழைய ஆளுங்களைப் பத்தி "அம்மைத் தழும்பு மூஞ்சி"ன்னு ஒரு அடையாளம் சொன்னா அதை எழுதி வைங்க, வேற ஆவணங்கள்ல ஆளை உறுதிப்படுத்த அதே அடையாளம் வரும். இந்தியாவுல கடைசியா பெரியம்மை வந்தது 1975ல.

பிளேக் கோயம்புத்தூர், சேலம் பக்கம் அதிகம். எலி செத்து விழ ஆரம்பிச்சா ஊரைக் காலி பண்ணிட்டு வெளிய தோட்டத்துல குடிசை போட்டுப் போய் இருந்துட்டு அப்பறம் திரும்புவாங்க, கோயம்புத்தூர்ல பிளேக் மாரியம்மன்னு கோயிலே இருக்கு. கொங்குப் பக்கம் குடும்பம் திடீர்னு ஊரை விட்டு ஊர் மாறினதா கதை இருந்தா இதையும் யோசிங்க.

சராசரி ஆயுசு 20தான்னு படிச்சேன், ஆனா எங்க கொள்ளுப் பாட்டி 90 வயசு இருந்தாங்களே?

ரெண்டும் சரி. 1911-21ல பொறந்த உடனே கணக்கு போட்ட சராசரி ஆயுசு 20 வருஷத்தை ஒட்டித்தான் வருது. அதுக்கு எல்லாரும் 20ல செத்தாங்கன்னு அர்த்தம் கெடையாது. ஆயிரம் கொழந்தை பொறந்தா 200க்கும் மேல ஒரு வயசு பாக்காமயே போச்சு, அதுக்கு மேல அஞ்சு வயசுக்குள்ள இன்னும் கொஞ்சம், அதோட 1918. இதையெல்லாம் தாண்டி வந்தவங்க திடமாத்தான் இருந்தாங்க. "அந்தக் காலத்து சாப்பாடு, அதான் 90 வரைக்கும் இருந்தாங்க"ன்னு பேசுறவங்க அந்தப் பாட்டி எத்தனை பெத்து எத்தனை பொழைச்சுதுன்னும் சேத்து கேக்கணும்.

சென்சஸ்ல பேர் பாக்கலாமா?

முடியாது. சில வெளிநாட்ல குறிப்பிட்ட வருஷம் ஆனதும் வீட்டுவாரியான தாள்களைத் திறந்து விடுறாங்க, இங்கிலாந்துல 1921 சென்சஸை 2022ல விட்டாங்க. நம்ம ஊர்ல கூட்டிக் கழிச்சு முடிச்சதும் அந்தத் தாள்களை அழிச்சுட்டாங்க, எண்ணிக்கை மட்டும்தான் மிச்சம்.

அப்ப எதுலதான் பேர் கெடைக்கும்?

பத்திரத்துல. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

நம்ம ஊர்ல சாமானியன் பேரு, அப்பா பேரு, ஊரு, தொழில், கைநாட்டு இத்தனையும் ஒரே தாள்ல இருக்குற எடம் பதிவுப் பத்திரம்தான். 1908 பதிவுச் சட்டத்துக்கு முன்னாடியே சார் பதிவாளர் ஆபீஸ்ங்க வந்துடுச்சு. கிரையம், அடமானம், ஒத்தி, பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், உயில். அந்தக் கால பத்திரம் "இன்ன தாலுக்கா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்ன மதம் இன்ன ஜாதி விவசாய ஜீவனம் இன்னார்"னுதான் ஆரம்பிக்கும். அதோட நாலெல்லை சொல்லும்போது கெழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்னார் நிலம்னு பக்கத்துக்காரன் பேரும் வந்துடும், கீழ சாட்சிங்க பேரு, எழுதினவர் பேரு. ஒரு பத்திரம் கெடச்சா பாதி ஊரே கெடச்ச மாதிரி.

அடமானப் பத்திரத்தை நல்லா படிங்க. எதுக்காகக் கடன் வாங்குறோம்னு சில பத்திரத்துல எழுதியிருப்பாங்க: "என் தகப்பனார் உத்திரக்கிரியை செலவுக்காக", "என் குமாரத்தி கலியாண செலவுக்காக", "சர்க்கார் தீர்வை பாக்கி செலுத்த". சாவுத் தேதி எங்கயுமே கெடைக்காத ஒருத்தருக்கு அவரு கருமாதிக்கு மகன் வாங்கின கடன் பத்திரம் தேதி சொல்லிடும், அதுவும் ஏறக்குறைய ஒரு மாச வித்தியாசத்துக்குள்ள.

எப்படித் தேடுறது: ஆன்லைன்ல வர்ற வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975க்கு அப்பறம்தான், அதுக்கு முந்தினது ஆபீஸ்ல மனு போட்டு கையால தேடணும். சொத்து வாரியா ஒரு அட்டவணை, பேர் வாரியா ஒரு அட்டவணை ரெண்டும் இருக்கு, நீங்க பேர் வாரியா தேடணும்னு தெளிவா எழுதிக் குடுங்க. அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஒண்ணாம் புத்தகத்துல, அதோட நகல் யாரும் வாங்கலாம். உயில் மூணாம் புத்தகம், எழுதினவர் உயிரோட இருக்குற வரை அவருக்கு மட்டும்தான், செத்தப்பறம் மத்தவங்களும் கேக்கலாம். பழைய காலத்துல உங்க கிராமம் எந்த சார் பதிவாளர் ஆபீஸுக்குக் கீழ இருந்துச்சுன்னு மொதல்ல விசாரிங்க, இப்ப இருக்குற ஆபீஸா இருக்கணும்னு இல்ல.

இன்னொண்ணு, நிலத்தை அளந்து தீர்வை போட்டப்ப எழுதின பழைய செட்டில்மென்ட் பதிவேடு. சர்வே நம்பர் வாரியா பட்டாதாரர் பேர் இருக்கும். 1980கள்ல நடந்த யுடிஆர்ல (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்ச வேலை) பேருங்க ஏகத்துக்கும் மாறிப் போச்சு, அதனால அதுக்கு முந்தின பதிவேடுங்களைக் கேளுங்க. மாவட்ட அளவுல போய் கெடைக்கலைன்னா எழும்பூர்ல இருக்குற தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

பத்திரம் வீட்லயே இருக்கு, படிக்கத்தான் தெரியல.

பயப்படாதீங்க, கொஞ்ச நாள் உக்காந்தா வந்துடும். எண்ணெல்லாம் தமிழ் எண்ணா இருக்கலாம்: ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯, பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. அப்ப ௲௯௱௰௮ன்னா 1918. ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். ணா, றா, னா, ணை, லை, ளை, னை இதெல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின வளைஞ்ச வடிவத்துல இருக்கும், பழைய புத்தகம் ஒண்ணை பக்கத்துல வச்சுக்கிட்டா பழகிடும். புள்ளி வைக்காம எழுதுறதும் சகஜம். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. தஞ்சாவூர்ப் பக்கம் நிலம்னா குழி, மா, வேலி: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. முத்திரைத் தாள்ல ராஜா தலை யாருன்னு பாருங்க, ஐந்தாம் ஜார்ஜ்னா 1910ல இருந்து 1936க்குள்ள அச்சடிச்ச தாள்.

வீட்ல யாருக்கும் இங்கிலீஷ் தேதி தெரியல, "ரக்தாட்சி வருஷம் ஆடி"ங்குறாங்க.

இதை விட நல்ல தேதி கெடைக்காது. அறுபது வருஷச் சக்கரம்தான்: பிங்கள 1917-18, காளயுக்தி 1918-19, சித்தார்த்தி 1919-20, ரௌத்திரி 1920-21, துன்மதி 1921-22, துந்துபி 1922-23, ருத்ரோத்காரி 1923-24, ரக்தாட்சி 1924-25, குரோதன 1925-26, அட்சய 1926-27, பிரபவ 1927-28. சித்திரையில வருஷம் தொடங்குதுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, தை மாசி பங்குனின்னா அடுத்த இங்கிலீஷ் வருஷத்துல விழும். அறுபதுக்கு ஒருதரம் அதே பேர் வரும், அதனால 1918ஆ 1978ஆன்னு மத்த விவரத்தை வச்சு பாத்துக்கணும். தேதி குத்து மதிப்பா இருந்தாலும் திவசத்துக்குன்னு திதியும் மாசமும் சரியா வச்சிருப்பாங்க, வருஷம் மட்டும் கண்டுபிடிச்சா பஞ்சாங்கத்தை வச்சு அந்த நாளையே புடிச்சுடலாம்.

வருஷப் பேரும் இல்லைன்னா சம்பவத்தைக் கேளுங்க. தாது வருஷப் பஞ்சம் 1876-78, இதை அனுபவிச்சவங்க 1920லயும் உயிரோட இருந்தாங்க. காவேரியில பெருவெள்ளம் வந்தது 1924 ஜூலை. மேட்டூர் அணை வேலை தொடங்கினது 1925, முடிஞ்சது 1934. "வெள்ளம் வந்தப்ப தாத்தா கைக்கொழந்தை"ன்னு ஒரு வார்த்தை போதும்.

எங்க பூர்வீக ஊரே இப்ப இல்ல, அணைக்குள்ள போயிடுச்சு.

மேட்டூர்க்காரங்க இதைக் கேக்குறாங்க. தண்ணி இறங்கும்போது பண்ணவாடி பக்கம் நந்தியும் பழைய சர்ச் கோபுரமும் வெளிய தெரியும், ஊரு பேரு ஆவணத்துல அப்படியே இருக்கும். நிலம் எடுத்தப்ப இழப்பீடு குடுத்த பதிவுகளைக் குறி வச்சுத் தேடுங்க. நிலம் இல்லாதவங்களுக்கு இழப்பீடே இல்ல, அதனால அதுலயும் அவங்க பேரு வராது.

பொம்பளைங்க பேரு எங்கயுமே வரல. பாட்டியோட அம்மா பேரு கூட தெரியல.

வலிக்குற எடம் இதுதான். 1921ல இந்தியா முழுக்க எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொம்பளைங்க 100க்கு 2 பேரு கூட இல்ல. நிலம் பேர்ல இல்ல, கையெழுத்து இல்ல, ஊரே "இன்னார் பொண்டாட்டி", "இன்ன ஊர்க்காரி"ன்னுதான் கூப்ட்டுச்சு. ஆனாலும் சில எடத்துல மாட்டுவாங்க.

ஒண்ணு, புருஷன் செத்தப்பறம். விதவையா ஆனதும் பத்திரத்துல பேரு வந்துடும்: "காலஞ்சென்ற இன்னார் பெண்ஜாதி இன்னாள்", "மைனர்களுக்கு கார்டியன் தாயார் இன்னாள்". 1956க்கு முன்ன விதவைக்கு அந்தச் சொத்துல அனுபவிக்குற உரிமை மட்டும்தான், விக்கணும்னா தக்க காரணம் காட்டணும், அதனால அவங்க எழுதின பத்திரத்துல குடும்பக் கஷ்டம் விலாவாரியா இருக்கும். ஒரு பொம்பளை ஆவணத்துல ஆளா தெரியணும்னா வீட்டுக்காரன் சாகணும்ங்கிறது என்ன கணக்கோ.

ரெண்டு, பாத்திரம். பரண்ல கெடக்குற பித்தளை அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாத்தையும் எறக்கி வாய்ப் பக்கம், அடிப் பக்கம் தொடைச்சுப் பாருங்க. கல்யாணத்துக்குப் பொறந்த வீட்ல குடுத்ததுல பொண்ணு பேரையோ அப்பா பேரையோ புள்ளி புள்ளியா வெட்டியிருப்பாங்க. பழைய பாத்திரத்தை எடைக்குப் போடுற முன்னாடி தயவு செஞ்சு போட்டோ எடுங்க.

மூணு, தர்ப்பணம் குடுக்குற குடும்பம்னா அப்பா வழியில மூணு தலைமுறை ஆம்பளைங்க பேரோட அம்மா, பாட்டி, கொள்ளுப் பாட்டி பேரும் சொல்லுவாங்க. வீட்ல பெரியவர்கிட்டயோ புரோகிதர்கிட்டயோ எழுதி வாங்குங்க. பேரப்பிள்ளைக்குத் தாத்தா பாட்டி பேர் வைக்குற பழக்கத்தையும் பயன்படுத்துங்க, மூத்த அத்தை பேரு அவங்க அப்பாயி பேரா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. (இதே பழக்கம் ஆம்பளைங்க விஷயத்துல பெரிய தலைவலி, கருப்பன் மகன் முத்து, முத்து மகன் கருப்பன், கருப்பன் மகன் முத்துன்னு போகும், எந்த முத்துன்னு பத்திரத் தேதியை வச்சுத்தான் பிரிக்கணும்.)

பிரசவத்துல செத்தவங்களுக்கு ஏதாவது அடையாளம் இருக்குமா?

ஊர் ரோட்டோரம் ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைப் படுக்க வச்ச மாதிரி நிக்கும் பாருங்க, சுமைதாங்கிக் கல்லு. தலைச்சுமைக்காரங்க குனியாம எறக்கி வச்சுட்டு திரும்பத் தூக்கிக்க வசதியான உயரம். வயித்துப் புள்ளையோட செத்துப்போன பொண்ணு ஞாபகமா, அவ எறக்க முடியாத பாரத்தை நாலு பேரு எறக்கி வைக்கட்டும்னு வச்சது. சிலதுல பேரும் வருஷமும் வெட்டியிருக்கும், பலதுல ஒண்ணும் இருக்காது. ரோடு அகலப்படுத்துறப்ப மொதல்ல போறது இதுதான், அதனால உங்க ஊர்ல இருந்தா எழுத்தை படம் எடுத்து எந்த வளைவுல இருந்துச்சுன்னும் குறிச்சு வைங்க.

கல்யாணம் ஆகாம செத்த பொண்ணுங்களை வீட்டுச் சாமியா கும்பிடுற குடும்பங்க நிறைய. கன்னிக்குப் பாவாடை சட்டை வச்சுப் படைக்குறீங்கன்னா அந்தக் கன்னி யாரு, எத்தனை வயசு, எதுல போனான்னு பெரியவங்ககிட்ட கேளுங்க. குலசாமின்னு பொதுவா நெனைச்சுக்கிட்டிருப்பீங்க, கடைசியில உங்க கொள்ளுத் தாத்தாவோட தங்கச்சியா இருக்கும். அதே மாதிரி தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் பட்டவன்னு கும்பிடுறது அகாலமா செத்த ஆளுங்களைத்தான்.

நிலமே இல்லாத குடும்பம். பத்திரம் ஏது?

சொத்து இருந்தாத்தான் காகிதம், உண்மைதான். பண்ணையாளா இருந்தவங்களுக்குப் பண்ணையார் வீட்டுக் கணக்குல மரக்கா கணக்கா நெல்லு அளந்தது இருக்கலாம். எழுதினாலும் மரியாதை இல்லாம "ன்"னு முடிச்சு ஒத்தைப் பேரா எழுதியிருப்பாங்க, தேடும்போது அந்த வடிவத்துலயும் தேடணும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசாங்கம் குடுத்த பஞ்சமி நிலம் இருந்திருந்தா அதோட ஒப்படைப்பு விவரம் வருவாய்த்துறைப் பதிவேட்ல இருக்கணும்.

கிறிஸ்தவக் குடும்பம்னா யோகம். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணுக்கும் கோயில்ல ரிஜிஸ்டர், ஏழை பணக்காரன்னு பாக்காம எழுதினாங்க. பழைய ரிஜிஸ்டர் பங்குல இல்லைன்னா மறைமாவட்டத்துலயோ டயோசிஸ்லயோ கேளுங்க, மதுரை மிஷன் சேசு சபையோட பழைய ஆவணங்க கொடைக்கானல் பக்கம் செண்பகனூர்ல இருக்கு.

குற்றப் பரம்பரைச் சட்டம், ஜனங்க வாயில ரேகைச் சட்டம், இது இன்னொரு வகை. ஒரு குத்தமும் செய்யாத ஆளுங்களைப் பொறப்பை வச்சு பதிவு பண்ணி கைரேகை எடுத்து ராத்திரி ஸ்டேஷன்ல படுக்க வச்சாங்க. 1920 ஏப்ரல் 3ல உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர்ல இதை எதிர்த்து நின்னவங்களைச் சுட்டுக் கொன்னாங்க, மாயக்காள்ங்கிற பொண்ணும் அதுல ஒருத்தர், அங்க நினைவுத்தூண் இருக்கு. இந்தச் சட்டத்தோட பதிவேட்ல தாத்தா பேரைப் பாத்துட்டு வெக்கப்படுறவங்க இருக்காங்க. வெக்கப்பட வேண்டியது அந்த ரெஜிஸ்டரைப் போட்டவங்க.

எங்க தாத்தாவோட அண்ணன் கப்பல் ஏறிப் போனவரு, திரும்பி வரவே இல்ல. கண்டுபிடிக்க முடியுமா?

சொன்னா ஆச்சரியமா இருக்கும், ஊர்லயே இருந்து செத்தவரை விட அவரைக் கண்டுபிடிக்குறது சுலபமா இருக்கலாம், எந்த ஊருக்குப் போனாருங்கிறதைப் பொறுத்து.

ஒப்பந்தக் கூலியா நேட்டால் (இப்ப தென்னாப்பிரிக்காவுல இருக்கு), மொரிசியஸ், பிஜி போனவங்களுக்கு ஆளுக்கு ஒரு எண், ஒரு சீட்டு. பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, உயரம், ஒடம்புல இருக்குற மச்சம் தழும்பு, ஜில்லா, தாலுக்கா, கிராமம், கப்பல் பேரு எல்லாம். முதலாளிக்கு ஆள் தப்பிச்சுப் போயிடக் கூடாதேன்னு எழுதினது, இப்ப நமக்கு உதவுது. நேட்டாலுக்கு 1860ல இருந்து 1911 வரை 1,52,000 பேருக்கு மேல போனாங்க, முதல் கப்பல் ட்ரூரோ மதராஸ்ல இருந்துதான் கெளம்பிச்சு. பிஜிக்கு மதராஸ்ல இருந்து 1903க்கு மேல 1916 வரைக்கும், அந்தச் சீட்டுங்க பிஜி தேசிய ஆவணக் காப்பகத்துல. மொரிசியஸ்னா மோக்காவுல இருக்குற மகாத்மா காந்தி நிறுவனத்துல.

இலங்கைத் தேயிலைத் தோட்டம், மலேயா ரப்பர் தோட்டம்னா பாடு கொஞ்சம் கஷ்டம். அங்க கங்காணி ஊருக்கு வந்து சொந்தக்காரங்களையும் தெரிஞ்சவங்களையும் கூட்டமா கூட்டிட்டுப் போறது, ஆளாளுக்கு அந்த மாதிரி சீட்டு கெடையாது. மண்டபம் முகாம், தனுஷ்கோடி தலைமன்னார் போட் மெயில் (1914ல இருந்து), இல்ல நாகப்பட்டினத்துல இருந்து பினாங்கு கப்பல். இவங்களைத் தேட நல்ல வழி அங்க இருக்குற மனுஷங்கதான். மலையகத்துலயும் மலேசியாவுலயும் மூணாவது நாலாவது தலைமுறை ஆளுங்க "எங்க ஊரு திருச்சி ஜில்லா, முசிறி தாலுக்கா"ன்னு ஊர் பேரை மட்டும் கையில வச்சுக்கிட்டு இந்தப் பக்கம் தேடிக்கிட்டிருக்காங்க.

முதல் உலகப் போருக்குப் போனவங்க?

சில ஊர்ல சுவத்துல பதிச்ச பளிங்குக் கல்லு இருக்கும்: இந்தக் கிராமத்துல இருந்து 1914-19 பெரும் போருக்கு இத்தனை பேர் போனாங்க, அதுல இத்தனை பேர் உயிரை விட்டாங்க. பேரு கெடையாது, எண்ணிக்கைதான். செத்தவங்க பேரை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்துல தேடலாம், இங்கிலீஷ்ல பேரை அஞ்சாறு விதமா மாத்தி எழுதிப் பாருங்க, "பிள்ளை", "சாமி" எல்லாம் எப்படி எப்படியோ எழுதி வச்சிருப்பாங்க. சண்டையில சாகாம மெசபடோமியாவுல (இப்ப ஈராக்) வியாதியில செத்த, பட்டாளத்துக்குக் கூலி வேலை செய்யப் போன ஆளுங்களும் அதுல உண்டு.

வயசானவங்ககிட்ட என்ன கேக்கணும்? கேட்டா "அதெல்லாம் ஞாபகம் இல்ல"ங்குறாங்க.

"உங்க தாத்தாவைப் பத்தி சொல்லுங்க"ன்னா அப்படித்தான் பதில் வரும். பொருளைக் காட்டிக் கேளுங்க, எடத்தைக் காட்டிக் கேளுங்க. இந்தக் கெணறு யாரு வெட்டினது, இந்தப் பொளிக்கு (வரப்பு எல்லைக்கு) எதுக்கு சண்டை வந்துச்சு, அந்த வீட்டுக்கும் நமக்கும் ஏன் பேச்சு இல்ல, யாரு சாவுக்கு யாரு வரல. பங்காளிச் சண்டையைக் கெளப்பினா மூணு தலைமுறை வரிசையா வந்து விழும், இது என் அனுபவத்துல தவறினதே இல்ல.

ஒப்பாரி தெரிஞ்ச அப்பத்தா இருந்தா ரெக்கார்ட் பண்ணுங்க, ஆனா சும்மா உக்கார வச்சு பாடச் சொல்லாதீங்க, வீட்ல நல்ல நாள்ல பாட மாட்டேன்னு சொல்லுவாங்க, அதுல நியாயம் இருக்கு. வெளியில, வயக்காட்டுப் பக்கம் போகும்போது கேட்டுப் பாருங்க. அவங்க அம்மா சாவுக்கு அவங்க கட்டிப் பாடினதுல பொறந்த ஊரு, சீரு, அண்ணன் தம்பி செஞ்சது செய்யாதது எல்லாம் இருக்கும்.

ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னா ரெண்டையும் எழுதுங்க, யாரு சொன்னது எந்தத் தேதின்னு போட்டு. நீங்களா ஒண்ணைத் திருத்தி "சரியான" கதை ஆக்கிடாதீங்க.

அசிங்கமான விஷயம் வந்தா? தற்கொலை, கொலை, ரெண்டாம் தாரம், சாதி மாறிக் கட்டினது, கடன்ல ஓடிப்போனது?

எழுதி வைங்க, எல்லார்கிட்டயும் காட்டணும்னு இல்ல. உயிரோட இருக்குறவங்களுக்கு காயம் ஆகும்னா தனி நோட்ல வைங்க. ஆனா விட்டுட்டு எழுதினா அடுத்த தலைமுறைக்கு பல விஷயம் புரியாமயே போகும், ஏன் ஊர் மாறினோம், ஏன் இந்தச் சாமியைக் கும்பிடுறோம்னு. இன்னொரு பக்கம், நாங்க இன்ன ராஜா படைத்தளபதி வம்சம்னு காசு வாங்கிட்டு எழுதிக் குடுக்குறவங்களை நம்பாதீங்க. நாத்து நட்டுப் பொழைச்ச பொம்பளைக்கு ராஜா பட்டம் போட்டா அவ பட்ட பாடு எங்க போகும்?

சேத்த காகிதங்களை எப்படி பாதுகாக்குறது?

பழைய பத்திரத்தை லேமினேஷன் பண்ணாதீங்க, செலோடேப் ஒட்டாதீங்க, மடிப்பைத் திருப்பித் திருப்பி மடிக்காதீங்க. விரிச்சு, அமிலம் இல்லாத பேப்பர் உறைக்குள்ள படுக்க வைங்க, ஈரம் படாத எடம், பூச்சி பாத்துக்கோங்க. போன்ல எடுக்குறதுன்னா பகல் வெளிச்சத்துல நேரா மேல இருந்து, பின்பக்கத்தையும் சேத்து, முத்திரை வாங்கின தேதியும் வெண்டர் பேரும் சில நேரம் பின்னாடிதான் இருக்கும். போட்டோ பின்னாடி பேர் எழுதணும்னா பென்சில்ல லேசா, பால்பாயிண்ட் பேனா வேணாம். நகலை ஒரே ஆள்கிட்ட வைக்காம அத்தை வீடு, சித்தப்பா வீடுன்னு ரெண்டு மூணு எடத்துல குடுத்து வைங்க, முக்கியமா பங்காளிச் சண்டைல எதிர்ப் பக்கம் இருக்குற வீட்லயும் ஒண்ணு, ஒரிஜினல் பாகம் பெரும்பாலும் அவங்ககிட்டதான் இருக்கும்.